முகமாலை மணலிலே

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வீதி வழியே தெற்கு நோக்கிப் பயணஞ் செய்வோர், நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபின் சாவகச்சேரி, மீசாலை, கொடிகாமம், மிருசுவில் எனத் தென்மராட்சியின் மாவும் பலாவும் தென்னையும் இரு மருங்கும் நிழல் விரித்து நிற்கக் காண்பர். எழுதுமட்டுவாளுக்கு அப்பால் அந்நிழல் வெட்டியெடுத்தாற்போல நின்றுவிடும். வெண்மணல் வெளி, வெளியெங்கும் முட்பற்றை, பற்றைகளுக்கு மேலே தலையில்லாப் பனைகள். ஓலையும் குருத்தும் இழந்து கறுத்து நின்ற அப்பனைகளை மின்கம்பங்களென்று எண்ணிய சிறுவன் ஒருவன், "கம்பி எங்கையப்பா?" என்று தந்தையிடம் வினவியதை நாம் பேருந்திலேயே கேட்டோம். அவ்விடமே முகமாலை.

2019 ஆம் ஆண்டு ஆவணி விடுமுறையில் ஒருநாட் காலை, அங்கே இறங்கவேண்டுமென்று நாம் மணியடித்தபோது நடத்துனர் எம்மை ஏற இறங்கப் பார்த்தார். "இதிலை ஒண்டுமில்லையே, சேர்" என்றார். கண்ணுக்குத் தெரிய அங்கே ஒன்றும் இல்லை என்பது உண்மையே.

குடாநாட்டின் கழுத்து முகமாலை. ஒருபுறம் கிளாலிக் கடனீரேரி. மறுபுறம் நாகர்கோவிற் கடல். 2000 ஆம் ஆண்டு சித்திரையில் ஆனையிறவுப் படைமுகாம் வீழ்ந்தபின்னர் இரு படைகளும் கிளாலி தொடக்கம் நாகர்கோவில் வரை எதிரெதிரே மண் அணை எழுப்பிப் பதுங்குகுழி வெட்டிக்கொண்டன. 2002 மாசியிற் போர்நிறுத்தம் வந்தது. சித்திரையிற் பாதை திறந்தது. இரு சோதனைச் சாவடிகளுக்கும் இடையே கிடந்த 'சூனியப் பிரதேச'த்தை மூட்டை முடிச்சுகளோடு கடந்த நினைவு எம் வாசகரிற் பலர்க்கு இருக்கும். 2006 ஆவணி 11 ஆம் நாள் இவ்விடத்திலேயே மீண்டும் போர் மூண்டு பாதை மூடுண்டது. 2008 கார்த்திகை வரை முன்னரண் இங்கே நின்றது. 2009 வைகாசியிற் போர் முடிந்தபோது அரணில் நின்றோர் அனைவரும் போயினர். 8 ஆண்டுகளாக இரு திறத்தாரும் தத்தம் அரணுக்கு முன்னே புதைத்தவையும், ஒருவர்மேல் ஒருவர் எறிந்து வெடியாது போனவையும் மாத்திரம் மணலினுள்ளே தங்கின.

இத்தகைய இடத்திலே கல்லூரி ஆசிரியர் ஒருவருக்கு என்ன அலுவல் என்று வாசகர் வினவலாம். எம்மிடம் உயர்தர வகுப்பிற் கணிதம் பயின்ற மாணவர் ஒருவர், வெடிபொருள் அகற்றும் நிறுவனமொன்றில் அளவைக் குழுவொன்றின் தலைவராக இருந்தார். நல்லூரிற் கண்ட வேளையில், "திரிகோண கணிதம் எதற்கு உதவும் என்று நாங்கள் கேட்டபோது நீங்கள் சொன்ன மறுமொழி எனக்கு ஞாபகமில்லை, சேர். முகமாலைக்கு ஒருநாள் வாருங்கள், நான் உங்களுக்குச் சொல்லுகிறேன்" என்று சிரித்தவாறு அழைத்தார். அந்த அழைப்பே எம்மை அங்கு இழுத்துச் சென்றது.

தகரக் கொட்டிலொன்றிலே முதலில் எமது பெயரையும் இரத்த வகையையும் எழுதிக்கொண்டனர். இரத்த வகை எதற்கென்று நாம் கேளாமலே விளங்கிக்கொண்டோம். பாரமான காப்புச் சட்டையையும் முகத்தை மறைக்கும் கண்ணாடித் தட்டியையும் அணிவித்து, நடக்கவேண்டிய பாதையைக் காட்டினர். கோல்களின் சிவந்த பக்கம் ஆபத்து, வெள்ளைப் பக்கம் பாதுகாப்பு என்று பாடஞ் சொன்னார் ஒரு பெண்மணி. அவர் வயதில் எமது மாணவியாக இருந்திருக்கக்கூடியவர். நாம் கைகட்டிக் கேட்டுக்கொண்டோம்.

அளவை என்றதும் காணியின் நீள அகலத்தைச் சங்கிலி பிடித்து அளக்கும் அளவையை நினைத்தல் வேண்டாம். ஆபத்து எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்பதை அளப்பதே இவர்தம் தொழில். மிதிவெடிக்கும் வெடியாத எறிகணைக்கும் இவர்கள் வேறு வேறு கணக்கு வைத்திருக்கின்றனர். மிதிவெடி மனிதன் திட்டமிட்டுப் புதைத்தது. அதற்கு வரிசை உண்டு, இடைவெளி உண்டு, அரணுக்கு முன்னே என்ற முறை உண்டு. ஒரு வரிசையிலே இரண்டைக் கண்டுவிட்டால் மூன்றாவதை ஊகிக்கலாம். பாகிஸ்தானில் ஆக்கப்பட்ட பீ-4 என்னும் பிளாஸ்ரிக் மிதிவெடி இம்மணலிற் பெருந்தொகையாகக் கிடந்தது. அதிலே இரும்பு மிகச் சிறிதளவே இருத்தலால் உலோகங் காட்டும் கருவி அதன்மேற் சென்றும் முனகாமற் போகக்கூடும். 'ஜொனி' என்று எம்மவர் அறிந்த மிதிவெடியோ மரப்பெட்டியிற் செய்தது. பெட்டி உக்கிப்போனாலும் உள்ளிருக்கும் வெடிமருந்து உக்குவதில்லை.

எறிகணைக்கு இந்த ஒழுங்கு எதுவும் இல்லை. விழுந்தவிடமே அதன் இடம். அதன் மூக்கிலே ஒரு பொறி உண்டு. குழாயிலிருந்து புறப்படும் அதிர்ச்சியில் அது விழித்துக்கொள்ளும், நிலத்தில் மோதும் அதிர்ச்சியில் வெடிக்கும். மோதுகின்ற நிலம் கல்லாயின் பெரும்பாலும் வெடித்துவிடும். முகமாலையைப்போல மெத்தென்ற மணலாயின், அல்லது தென்னோலையிற் தட்டிச் சரிந்து விழுந்தாலாயின், விழித்த பொறி விழித்தபடியே கிடந்துவிடும். அதனை மறுபடி தட்டுபவர் மண்வெட்டி பிடித்த உழவராகவோ, பழைய இரும்பு பொறுக்கும் ஏழையாகவோ இருப்பர். சிறுவராயின் சொல்லவே வேண்டாம்.

ஆகையால் எறிகணையைத் தேடுவோருக்கு முதலாவது கருவி மனிதரின் ஞாபகம் என்றார் எமது மாணவர். "நாங்கள் இயந்திரத்தைத் தூக்குவதற்கு முன்னம் பாயைத் தூக்குகிறோம், சேர்" என்றார். சொன்னதுபோலவே அன்று முற்பகல் முழுவதும் ஒரு வீட்டு முற்றத்திற் பாய்மேற் கழிந்தது.

அவ்வீடு வீதியோரத்திலே தகரமும் கிடுகுமாய்க் கட்டிய சிறு குடில். அதிலே விதவை மூதாட்டி ஒருவரும் அவருடைய பேரனும் வாழ்ந்தனர். மூதாட்டியின் சொந்தக் காணி ஆறு பரப்பு, குடிலிலிருந்து கூப்பிடு தூரத்திலே சிவப்பு முக்கோணப் பலகைகளுக்கு அப்பாற் கிடந்தது. மாணவரும் குழுவைச் சேர்ந்த பெண்மணி ஒருவரும் வரைபடத்தை விரித்துக்கொண்டு வினவத் தொடங்கினர். எப்போது ஊரைவிட்டுப் போனீர்கள்? எப்போது திரும்பினீர்கள்? மாடு ஏதாவது கால் இழந்ததா? இரவிலே காட்டுத்தீ பிடித்தபோது வெடிச்சத்தம் எந்தப் பக்கத்திற் கேட்டது? மூதாட்டி எல்லாவற்றுக்கும் மறுமொழி சொன்னார். கிணற்றைக் கடைசியாக எப்போது கண்டீர்கள் என்றதற்கு மாத்திரம், 2000 ஆம் ஆண்டு ஓடியபோது கண்டதுதான் என்று சுருக்கமாகக் கூறி வெற்றிலைத் தட்டத்தைப் பார்த்தார்.

அடுப்படியிலே விறகு அடுக்கியிருந்தது. தென்னம்பாளையும் மட்டையும். வீதியோரத்திலோ தென்னை ஒன்றும் இல்லை. நாம் இதனைக் கவனிக்கவில்லை. பின்னரே எமக்குச் சொன்னார்கள். அப்பெண்மணி கவனித்தார். ஆயினும் அதனைச் சுட்டிக்காட்டாமல், "மாரிக்கு இந்த விறகு காணுமோ, ஆச்சி?" என்று மாத்திரம் கேட்டார்.

சற்று நேரம் மூதாட்டி ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பிள்ளை, நான் உள்ளுக்கை போறனான் எண்டு எழுதிப்போடாதை. பொலிசு வந்தால் நான் என்ன செய்வன்?" என்றார்.

"உங்கடை பேரிலை பிழை ஒண்டும் எழுதமாட்டன், ஆச்சி. எந்தப் பாதையாலை போனியள் எண்டு மட்டும் சொல்லுங்கோ."

அதன்பின் வந்தது உண்மை. இரண்டு வருடமாக, ஆட்டுத்தடம் ஒன்றைப் பிடித்து, இரண்டாவது மண் அணையைச் சுற்றி, தம் காணிக்குள்ளே போய் விழுந்த பாளைகளைப் பொறுக்கி வந்திருக்கிறார். கிணற்றுக்கு அப்பாற் போவதில்லை. ஏனெனிற் கிணற்றுக்கட்டோடு சாய்ந்தபடி 'வால் வைச்ச சாமான்' ஒன்று கிடந்தது. பேரன் கண்டு கையால் எடுத்துவிடுவான் என்று பயந்து அதன்மேல் ஓலையொன்றைப் போட்டு மூடிவிட்டாராம்.

"அப்ப பேரனும் உங்களோடை வந்தவனோ, ஆச்சி?" என்று அப்பெண்மணி கேட்டார். அவருடைய பேனை அசையாது நின்றது. மூதாட்டி தலையை அசைத்தார். பேரன் அப்போது பள்ளிக்குப் போயிருந்தான்.

ஒருவரும் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. இது எமக்குப் பெருவியப்பாக இருந்தது. வகுப்பறையிலாயின் நாம் ஒரு பிரசங்கமே செய்திருப்போம். திரும்பி நடக்கையில் மாணவர் விளக்கினார்: ஒருமுறை ஏசிவிட்டால் அந்த ஊரில் அடுத்த வீட்டார் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள், அவர்கள் வாய் திறவாவிட்டால் வரைபடத்தில் ஆபத்தில்லாத காணியெல்லாம் சிவப்பாகவும், ஆபத்தான இடமொன்று வெள்ளையாகவும் போய்விடும். சிவப்பு மை இறைத்தலும் ஒரு தீங்கே என்றார் அவர். சந்தேகத்திலே பெருங்கோடாக வரைந்துவிட்டால், மிதிவெடியே இல்லாத நிலத்துக்கு வெளியே ஒரு குடும்பம் பத்து வருடம் தகரக் குடிலில் இருக்கும். ஆச்சியின் கால்தடம் ஒரு சாட்சி. அதனைத் தீர்ப்பு என்று கொள்ளமுடியாது. இருநூறு முறை மிதித்துத் தப்பிய தடத்திலே இருநூற்றோராவது முறை தப்பாமற் போகலாம். எனினும் அத்தடத்தை வைத்தே எங்கே தேடத் தொடங்குவது என்பதை அவர்கள் தீர்மானித்தனர்.

எமக்கும் அங்கே ஒரு சிறு வேலை கிடைத்தது. மூதாட்டி பொலித்தீன் பையொன்றைக் கொணர்ந்து, காணி உறுதியை எடுத்து எம்மிடம் நீட்டி, "சேர் வாசிச்சுச் சொல்லுங்கோ" என்றார். நான்கு இடப்பெயர்வுகளிலும் அவர் கைவிடாத பொருள் அது. ஒல்லாந்தர் காலத்துத் தோம்பு தொடங்கி யாழ்ப்பாணத்தார் காணியைக் கண்ணின் மணிபோற் காகிதத்திற் காத்துவந்தவர் அன்றோ! கிழக்கு ஒழுங்கை, வடக்கும் மேற்கும் இன்னாரின் காணி என்று எல்லைகளை வாசித்து, "கிணற்றிற் பாதிப் பங்கும் வழி வாய்க்காற் பங்கும்" என்ற இடத்துக்கு வந்தபோது மாணவர் எம்மை நிறுத்தினார். பாதிப் பங்கு என்றால் மறு பாதிக்குரியவர் யார்? அவருக்கும் அக்கிணற்றுக்கு வர வழி இருந்திருக்குமே! விசாரித்ததில் மேற்குக் காணிக்காரர் கனடாவில் இருப்பது தெரியவந்தது. மாலையிலே தொலைபேசியில் அழைத்தபோது அவர் ஒரு செய்தி சொன்னாராம். 2004 ஆம் ஆண்டு, பாதை திறந்திருந்த காலத்திலே, காணியைப் பார்க்க வந்த அவரை ஒரு சிப்பாய் மறித்து, இரண்டு பனைகளைக் காட்டி அவற்றுக்கு இடையே போகவேண்டாமென்று கைகாட்டினாராம். அப்பனைகளில் ஒன்று இப்போது இல்லை. அதன் அடிக்குற்றி எங்கே என்பதைத் தேடுவது அடுத்த நாள் வேலையாயிற்று.

மண் அணை மேலிருந்து தொலைநோக்கியாற் பார்த்தபோது கிணற்றுக்கட்டும் அதன்மேற் காய்ந்த ஓலையும் தெளிவாகத் தெரிந்தன. அங்கே போகாமலே அதன் இடத்தைக் குறித்தனர். நிச்சயமான ஒரு புள்ளியில் நின்று திசைகாட்டியாற் கோணமும் ஒளிக்கதிர்த் தூரமானியால் தூரமும் எடுத்தனர். இன்னொரு புள்ளிக்குச் சென்று அவ்வாறே செய்தனர். இரண்டு கோடுகளும் வெட்டுமிடத்தில் எறிகணை. மாணவர் எம்மைப் பார்த்துப் புன்னகைத்தார். திரிகோண கணிதத்துக்குரிய மறுமொழி அதுவே.

உச்சி வெயிலிலே களத்தையும் கண்டோம். ஏறத்தாழ ஒரு மீற்றர் அகலமான ஒடுங்கிய பாதைகள் பற்றைக்குள் நேராகச் சென்றன. ஒவ்வொன்றின் முனையிலும் ஒருவர் முழந்தாளிட்டிருந்தார். பலர் பெண்கள், போரிலே கணவரை இழந்தோரும் அவருள் இருந்தனர். மணற்பாங்கான இவ்விடங்களிலே இரண்டு வாரிகளைக் கையாளுகின்றனர்: கனமான ஒன்று வேரையும் இறுகிய மண்ணையும் கிளற, மென்மையான மற்றது மணலைச் சிறிது சிறிதாக முன்னிருந்து வாரியெடுக்க. கருவி முனகினால் நின்று தோண்டிப் பார்க்கவேண்டும். ஆணி, ரவைக்கோது, மீன் தகரம், எறிகணைச் சிதறல் என்று நூறு தடவை குப்பை வரும். நூற்றோராவது முனகலையும் முதலாவதைப் போலவே மதித்துத் தோண்டவேண்டும். அலுப்பே இத்தொழிலில் பெரும் எதிரி. குறித்த நேரத்துக்கு ஒருமுறை கட்டாயமாக இளைப்பாறச் செய்வது அதனாலேதான். நாம் கண்ட பெண்மணி அரைமணி நேரத்தில் முன்னேறிய தூரம் எமது குடையின் நீளத்துக்கு மேற்படாது.

ஹலோ ட்ரஸ்ட், மாக் என்னும் வெளிநாட்டு நிறுவனங்கள் 2002 முதலாகவும், டாஷ், ஷார்ப் என்னும் உள்நாட்டு நிறுவனங்கள் பின்னரும், படையினரின் பிரிவொன்றும் இப்பணியில் ஈடுபட்டு வந்துள்ளன. 2017 மார்கழியில் இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையிற் சேர்ந்தது; அதன்படி நிலத்தைத் துப்புரவாக்க 2028 யூன் வரை தவணை. தவணை எப்படியாயினும், நிலம் தன் கணக்கை மெல்லத்தான் தீர்க்கும். 1914 இல் மூண்ட முதலாவது உலகப் போரின் எறிகணைகளைப் பெல்ஜியத்து உழவரும் பிரான்சிய உழவரும் நூறாண்டு கடந்தும் கலப்பையில் எடுத்துவந்திருக்கின்றனர். 1964 தொடக்கம் 1973 வரை லாவோஸ் நாட்டின்மேல் விழுந்த குண்டுகளின் குஞ்சுகள் இன்னும் அந்நாட்டு வயல்களிற் கிடக்கின்றன.

பேருந்துக்காக வீதியில் நின்றபோது மாணவர் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார். "நீங்கள் எப்போதாவது இப்படி ஒன்றைக் கண்டிருக்கிறீர்களா, சேர்?" யாரைக் கண்டாலும் அவர் கேட்கும் கேள்வி அது. இல்லை என்று சொல்ல எமது வாய் எடுத்தது. வெற்றிலைத் தட்டத்தைப் பார்த்த மூதாட்டி நினைவுக்கு வந்தார்.

1995 ஐப்பசி இறுதியில் வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்குப் பெயர்ந்ததும், அடுத்த ஆண்டு சித்திரையிலிருந்து மக்கள் திரும்பியதும் வாசகர் அறிந்தவையே. நாம் அப்போது உயர்தர வகுப்பு முடித்த இளைஞர். வீடு திரும்பியபோது பின் வளவில் வேப்பமரத்தடியில் முழங்கை நீளத்தில், வாலோடு ஒன்று கிடந்தது. நாமும் எம் தம்பியும் அதனைச் சாக்கொன்றிலே உருட்டி, இரு முனையிலும் பிடித்துத் தூக்கிச் சென்று, அயல் வளவுப் பாழ்கிணற்றிலே போட்டோம். நீர் தெறித்த ஒலி கேட்டதும் ஓடினோம். அது வெடிக்கவில்லை. அதனைப் பெரும் சாகசமாகத் தோழர்க்குச் சொல்லியிருக்கிறோம், சொல்லவேண்டியவர்க்குச் சொல்லவில்லை. அக்கிணறு பின்னர் இடிபாட்டுக் கல்லால் நிரவப்பட்டது. இப்போது அவ்வளவுக்காரர் மகளுக்கு வீடு கட்ட அத்திவாரம் வெட்டப் போகிறார். இதுவும் எமக்குத் தெரியும். 23 ஆண்டுகளாக வாய் திறவாதிருந்தோம்.

மாணவர் எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. பையிலிருந்து படிவம் ஒன்றை எடுத்து, வீதிக்கல்லின்மேல் வைத்து எழுதத் தொடங்கினார்.

அடுத்த சனிக்கிழமை குழுவினர் எமது வளவுக்கு வந்தனர். வேப்பமரத்தடியில் எம்மை நிறுத்தி, எந்தப் பக்கம் பார்த்து நின்றீர்கள், யார் முன்னே நடந்தார், எத்தனை அடி, வேலியை எங்கே கடந்தீர்கள் என்று ஆச்சியைக் கேட்டதுபோலவே எம்மையும் கேட்டனர். நாம் மிக நிச்சயத்தோடு வடக்கு மூலையைக் காட்டினோம். முளைக்கோல் நாட்டப்போகும் வேளையில், அடுக்களை வாசலில் நின்ற எம் அன்னையார், "அங்கை இல்லைத் தம்பி. இவையள் இரண்டு பேரும் போட்டது மற்றக் கிணத்துக்கை. கிழக்கு வேலியோடை இருந்தது" என்றார். அன்று யன்னலால் எல்லாவற்றையும் கண்டுகொண்டிருந்தாராம். தந்தையார் அறிந்தால் அடிப்பார் என்று பேசாதிருந்துவிட்டார்.

இரு மூலைகளிலும் கோல் நாட்டப்பட்டது. சில வாரங்களின்பின், அதற்கென்று பயின்றோர் வந்து கல்லை ஒவ்வொன்றாக எடுத்து இறங்கினர். கிழக்குக் கிணற்றிலே இருந்தது. அன்னையார் சொன்னதே சரி. முகமாலையிற் கிணற்றுக்கட்டுக்குப் போகும் பாதையும் வெட்டப்பட்டு, கட்டுக்கு அணையாக மணல்மூட்டை அடுக்கி அந்த எறிகணையும் அழிக்கப்பட்டதென்று மாணவர் தொலைபேசியில் அறிவித்தார். கிணறு பிழைத்தது. மேற்குப் பக்கத்து இரண்டு பரப்பு இன்னும் கயிற்றுக்கு அப்பால் என்றும், பனங்குற்றி அகப்பட்டுவிட்டது என்றும் கூறினார்.

தை பிறந்ததும் அயல் வளவிலே அத்திவாரக் கல் வைத்தனர். எமக்கும் அழைப்பு வந்தது. சென்றோம், தேநீரும் பலகாரமும் தந்தனர். வளவுக்காரர் எம்மிடம் அதனைப்பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கிழக்கு வேலியோடு புதிதாக நிரவிய மண்ணிலே அவருடைய மகள் வாழைக்குட்டி ஒன்றை நட்டு நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.